காணியும் காகிதமும்: வேங்கிக்காலிலிருந்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

தலித்துகளைப் பற்றிப் பேச்சு வருகிற இடத்திலெல்லாம் ஒரு வாக்கியம் தயாராக இருக்கிறது. "அவங்கதான் இப்ப முன்னேறிட்டாங்களே." டீக்கடையில் அது ஏளனமாக வரும். கருத்தரங்குகளில் அதுவே சமூக நகர்வு, வர்க்க மாற்றம் என்று சட்டை மாட்டிக்கொண்டு வரும். முன்னேறியது யார், எதைப் பிடித்துக்கொண்டு ஏறினார்கள், ஏறும்போது எது கைநழுவிப் போயிற்று என்று கேட்பவர்கள் குறைவு. பழைய ஆற்காடு ஜில்லாக்களின் சேரிகளை வைத்து இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்ப்பதுதான் இக்கட்டுரையின் வேலை. அதற்கு வேங்கிக்கால் தோதான இடம்.

திருவண்ணாமலையை விட்டு வேலூர் சாலையில் வந்தால் வேங்கிக்கால். கால் என்றால் வாய்க்கால். ஏரியும் வயலுமாக இருந்த இந்த ஊரில்தான் இன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கிறது. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள். தண்டராம்பட்டு, செங்கம், போளூர், கலசபாக்கம் என்று பல பக்கத்திலிருந்தும் சனங்கள் பஸ் பிடித்து வருவார்கள். கையில் மஞ்சள்பை, பைக்குள் மனு. வீட்டுமனைப் பட்டா வேண்டும், சுடுகாட்டுக்குப் பாதை வேண்டும், சாதிச் சான்றிதழ் வேண்டும், எங்கள் தாத்தா பேரில் இருந்த நிலம் வேறொருவர் பேரில் இருக்கிறது, மீட்டுத் தர வேண்டும். மண்ணெண்ணெய் கேன் இருக்கிறதா என்று வாசலில் போலீஸ் பையைச் சோதித்த பிறகுதான் உள்ளே விடுவார்கள். இத்தனை மனுக்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதை எழுதினால் நம் சனத்தின் மேலேறுதல் என்பது என்ன என்று ஓரளவு விளங்கும்.

திருவண்ணாமலை மாவட்டம் பழைய வட ஆற்காட்டிலிருந்து பிரிக்கப்பட்ட நாள் 1989 செப்டம்பர் 30. அதற்குச் சரியாக 97 ஆண்டுகளுக்கு முன்பு, 1892 செப்டம்பர் 30 அன்று, சென்னை அரசு வருவாய்த் துறையின் 1010ஆம் எண் ஆணையைப் பிறப்பித்தது. ஒடுக்கப்பட்ட சாதியாருக்கு நிலம் ஒதுக்கச் சொன்ன ஆணை அது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதிலிருந்து வந்ததுதான். இரண்டு தேதியும் ஒன்றாக அமைந்தது தற்செயல். ஆனால் முதல் தேதியில் கொடுத்த வாக்கு எங்கே போயிற்று என்று கேட்கத்தான் இரண்டாவது தேதியில் பிறந்த மாவட்டத்தின் தலைமை அலுவலகத்தில் சனங்கள் இன்றைக்கும் வரிசையில் நிற்கிறார்கள்.

1

சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்கிற மனிதர்களையே ஒருவர் மேல் ஒருவராக அடுக்கிவைத்த பிரிவினை என்று அம்பேத்கர் 1936இல் சாதி ஒழிப்பு நூலில் விளக்கினார். வர்க்கத்தைப் பற்றி மேற்கத்திய நூல்களிலிருந்து படித்துவிட்டு வருகிறவர்களுக்கு இது இடிக்கும். அங்கே ஒருவன் கூலியாகப் பிறந்து, நாலு காசு சேர்த்து, கடை வைத்து, மகனைப் படிக்கவைத்தால் அவன் வேறு வர்க்கம். நம் ஊரில் கூலிக்காரனாக இருப்பதற்கு முன்பே ஒருவன் சேரிக்காரன். கூலி மாறலாம், சேரி மாறுமா?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆற்காடு, செங்கல்பட்டு சேரிகளில் மேலேறுதல் என்ற பேச்சுக்கே இடமில்லை. படியாள், பண்ணையாள் என்று பெயர். பாட்டன் வாங்கிய கடனுக்குப் பேரன் மாடு மேய்த்தான். 1843இல் கம்பெனி அரசு அடிமைமுறையைச் சட்டத்தின் கண்ணில் செல்லாததாக்கியது. 1862இல் நடைமுறைக்கு வந்த இந்திய தண்டனைச் சட்டம் மனிதரை அடிமையாக வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கியது. படியாளுக்கு இதனால் என்ன மாறிற்று? அடிமை என்ற சொல் போய் கடனாளி என்ற சொல் வந்தது. குடிசை நிற்கிற மண்ணும் ஆண்டையுடையது. வேலைக்கு வரமாட்டேன் என்றால் குடிசையைப் பிரித்துக்கொண்டு போக வேண்டும். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் பல லட்சம் பேர் செத்தார்கள். முதலில் செத்தது யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நிலமும் இல்லாமல், குதிரில் தானியமும் இல்லாமல் இருந்தவர்கள்தான்.

தரிசு நிலத்தைத் திருத்திக்கொள்கிறேன் என்று அரசிடம் மனு போட அப்போது ஒரு வழி இருந்தது. தர்காஸ்து என்பார்கள். யார் வேண்டுமானாலும் போடலாம் என்பது விதி. ஆனால் சேரிக்காரன் தர்காஸ்து போட்டால், செங்கல்பட்டு மாதிரி மிராசு முறை இருந்த ஊர்களில் அந்த நிலத்துக்கு மிராசுதாருக்குத்தான் முன்னுரிமை. மிராசு இல்லாத ஊர்களிலும் மனுவை எழுதித் தர வேண்டியவர், கணக்கில் ஏற்ற வேண்டியவர், நிலத்தைக் காட்ட வேண்டியவர் எல்லாரும் ஊர்க்காரர்கள். மனு தாலுகா கச்சேரி போய்ச் சேர்வதற்குள் அந்த நிலம் வேறு ஆளுடையதாகியிருக்கும்.

இதை அதிகார மொழியில் எழுதிவைத்தவர் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமன்ஹீர். 1891இல் செங்கல்பட்டுப் பறையர்களின் நிலைமை பற்றி அவர் கொடுத்த அறிக்கை, சேரி மக்களின் வறுமைக்குச் சோம்பேறித்தனமோ குடியோ காரணமில்லை, நிலம் கிடைக்காதபடி ஊர் கட்டிவைத்திருக்கிற ஏற்பாடுதான் காரணம் என்று காட்டியது. வெள்ளைக்காரத் துரை ஒருவர் எழுதியதால் மட்டும் வந்தது அல்ல 1892 ஆணை. அதே ஆண்டுகளில் நம் ஆட்கள் சும்மா இருக்கவில்லை. 1891இல் இரட்டைமலை சீனிவாசன் பறையர் மகாஜன சபையைத் தொடங்கினார். 1893இல் 'பறையன்' என்று பெயர் வைத்தே பத்திரிகை நடத்தினார். அயோத்திதாசர் அதற்கு முன்பிருந்தே நீலகிரியிலும் சென்னையிலும் இயங்கிக்கொண்டிருந்தார். மிஷனரிகளும் மனு எழுதினார்கள். எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்த நெருக்கடியில் அரசு அசைந்தது.

2

ஆணையின்படி கொடுத்த நிலத்துக்கு நிபந்தனை உண்டு. பத்து ஆண்டுகளுக்கு விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. அதற்குப் பிறகு விற்றாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே விற்க வேண்டும். மீறினால் அந்தக் கிரயம் செல்லாது, அரசு நிலத்தை எடுத்துக்கொள்ளலாம். நம் பக்கம் இதை டி.சி. நிலம், கண்டிஷன் பட்டா என்று சொல்வார்கள். சட்டத்தைப் படித்தால் ஒரு குழி நிலம்கூட வெளியே போயிருக்க முடியாது. ஆனால் தமிழகம் முழுக்க சுமார் 12 லட்சம் ஏக்கர் ஒதுக்கப்பட்டது என்றும், அதில் பெரும்பகுதி இன்று தலித் அல்லாதவர்கள் கையில் என்றும் இயக்கங்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகின்றன.

எப்படிப் போயிற்று? சேரியில் கேட்டால் நாலு வார்த்தையில் முடிப்பார்கள். "பஞ்சத்துல போச்சு, கல்யாணத்துல போச்சு, கைநாட்டுல போச்சு, கணக்குல போச்சு." நான்கையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

கொடுத்தது பெரும்பாலும் தரிசு, மேட்டு நிலம். ஏரிப் பாய்ச்சல் உள்ள நஞ்சை முன்பே ஊர்க்காரர்கள் பட்டாவில் இருந்தது. மேட்டு நிலத்தைத் திருத்த ஏர்மாடு வேண்டும், கிணறு வேண்டும், விளைச்சல் வரும்வரை சாப்பிட வேண்டும். நிலத்தைக் கொடுத்த அரசு இது எதையும் கூடவே கொடுக்கவில்லை. ஆகவே ஆண்டையிடமே மாடு, ஆண்டையிடமே விதை, ஆண்டையிடமே கடன். கடனுக்கு ஈடு அந்த நிலம். அடமானம் செல்லாது என்று சட்டம் சொன்னால் என்ன, பத்திரம் எழுதாமல் வாய்வார்த்தையாகவே போக்கியம் விட்டார்கள். பட்டா இங்கே, பயிர் அங்கே. இருபது வருஷம் இப்படிப் போனால் பிறகு பட்டாவும் அங்கே போய்விடும்.

பட்டாவை அங்கே கொண்டுபோனது கணக்கு. கிராமக் கணக்கு கர்ணம் வீட்டுப் பெட்டியில் இருந்தது. கர்ணம், மணியம் இரண்டும் பரம்பரைப் பதவி. சிட்டாவில் யார் பேர், அடங்கலில் யார் பயிர் என்பது அந்த வீட்டுத் திண்ணையில் முடிவானது. சேரியிலிருந்து போகிறவன் திண்ணைக்குக் கீழே தெருவில் நின்றுகொண்டு தன் நிலத்தைப் பற்றிக் கேட்க வேண்டும். ஏரி மதகைக் காவல் காத்து, வயல் வயலாகத் தண்ணீர் பாய்ச்சி, ஊர் எல்லை எது, எந்தக் கல் எங்கே நட்டது என்று அடி அடியாகத் தெரிந்து வைத்திருந்தவர்கள் நீர்க்கட்டியும் வெட்டியானும் தலையாரியும்தான். எல்லைத் தகராறு வந்தால் அவர்களைக் கூப்பிட்டுத்தான் கேட்டார்கள். நிலத்தைப் பற்றிய அறிவு சேரியில் இருந்தது. நிலத்தைப் பற்றிய எழுத்து ஊரில் இருந்தது. வென்றது எழுத்து.

1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கிராம அதிகாரிப் பதவிகளை ஒழித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், ஒழித்தது செல்லும் என்று 1982இல் தீர்ப்பானது. அதன் பிறகுதான் தேர்வெழுதி, இடஒதுக்கீட்டில், சேரிப் பிள்ளையும் கிராம நிர்வாக அலுவலராக வர முடிந்தது. இது சின்ன மாற்றம் இல்லை. கணக்குப் பெட்டியைத் திறக்கவே முடியாமல் இருந்த ஒரு சாதியின் பிள்ளை அந்தப் பெட்டிக்குப் பொறுப்பாளர் ஆனார். ஆனால் அதே பத்தாண்டில் நில ஆவணங்களைப் புதுப்பிக்கிற யு.டி.ஆர். வேலையும் நடந்தது. அப்போது அனுபவத்தில் இருப்பவர் பெயரே பல இடங்களில் புதுக் கணக்கில் ஏறியது என்றும், டி.சி. நிலம் என்ற குறிப்பு விடுபட்டுப் போனது என்றும் பஞ்சமி நில இயக்கங்கள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. நம் பிள்ளை பெட்டியைத் திறந்தபோது உள்ளே இருந்த காகிதம் மாறியிருந்தது.

இதை எதிர்த்துக் கேட்டால் என்ன ஆகும் என்பதற்குக் காரணை இருக்கிறது. செங்கல்பட்டு மாவட்டம் காரணையில் பஞ்சமி நிலத்தில் வைத்த அம்பேத்கர் சிலை அகற்றப்பட்டது. 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நீதி கேட்டுத் திரண்டவர்கள் மீது போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தார்கள். டிரெமன்ஹீர் ஆட்சியராக இருந்து அறிக்கை எழுதிய அதே செங்கல்பட்டு. இடையில் 103 ஆண்டு.

3

நிலம் நிற்காத இடத்தில் கால் நிற்காது. 1890களில் விழுப்புரம் பாதையில் திருவண்ணாமலைக்கு ரயில் வந்தது. காட்பாடி போய் வண்டி மாறினால் பங்காருப்பேட்டை, அங்கிருந்து கோலார் தங்கவயல். ஜான் டெய்லர் கம்பெனி 1880இலிருந்து அங்கே சுரங்கம் நடத்திக்கொண்டிருந்தது. வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்துச் சேரிகள் குடும்பம் குடும்பமாக அங்கே போயின. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை தோல் ஷாப்புகளுக்குப் போனவர்கள் ஒரு பக்கம். பட்டாளத்துக்கும் துரை வீட்டுச் சமையலுக்கும் போனவர்கள் ஒரு பக்கம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும் பர்மாவுக்கும் கப்பல் ஏறியவர்கள் இன்னொரு பக்கம்.

தங்கவயலைச் சொர்க்கம் என்று எழுத முடியாது. பூமிக்குக் கீழே மூன்று கிலோமீட்டருக்கு மேல் இறங்கிய சுரங்கம் அது. பாறை வெடித்துச் செத்தவர்கள் எத்தனையோ, கல்தூசி நெஞ்சில் படிந்து இருமி இருமிச் செத்தவர்கள் எத்தனையோ. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து அங்கே மின்சாரம் வந்தது என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்த மின்சாரம் முதலில் இயந்திரத்துக்கு வந்தது, கூலி லைன் குடிசைக்கு அல்ல. ஆனாலும் ஒன்று இருந்தது. கூலி காசாகக் கிடைத்தது. மாதம் பிறந்தால் சம்பளம், தானியப் படி இல்லை. கும்பிட்டு நிற்க ஆண்டை இல்லை. மேஸ்திரி இருந்தான், திட்டினான், அடித்தான். ஆனால் அவன் வேலை முடிந்தால் போய்விடுவான். ஆண்டை என்பவன் உன் பிறப்பிலும் சாவிலும் நிற்பவன்.

அந்தக் காசிலிருந்து எழுந்தது என்ன என்று பாருங்கள். அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீப்பிலும் கிளைகள் வந்தன. 1907இல் அவர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' தங்கவயல் தொழிலாளர்களின் காசிலும் வாசிப்பிலும் உயிர்வாழ்ந்தது. 1914இல் அவர் இறந்து பத்திரிகை நின்றுபோன பிறகு, ஜி. அப்பாதுரையார் 1926இலிருந்து தங்கவயலிலேயே 'தமிழன்' இதழை நடத்தினார். பள்ளிக்கூடம், இரவுப் பாடசாலை, அச்சகம், விகாரை, சங்கம் எல்லாம் சுரங்கக் கூலிகளின் தெருவில் வந்தன. 1930இல் ஆயிரக்கணக்கானவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தமிழ்ச் சமூகத்தில் நவீனச் சிந்தனை எங்கே பிறந்தது என்று எழுதுகிறவர்கள் மயிலாப்பூரிலிருந்தும் திருவல்லிக்கேணியிலிருந்தும் தொடங்குகிறார்கள். மாரிக்குப்பத்தை யார் எழுதுவது?

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இந்த மேலேறுதல் தனி ஆளுடையது அல்ல. ஒரு தெருவே சேர்ந்து ஏறியது. ஊர் என்ற ஒன்று அங்கே இல்லாததால்தான் அது முடிந்தது. ஆனால் அதற்கும் காலடியில் மண் சொந்தமாக இல்லை. லைன் வீடு கம்பெனியுடையது. 2001 பிப்ரவரி 28 அன்று தங்கவயல் சுரங்கம் மூடப்பட்டது. மூன்று நான்கு தலைமுறையாக அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் விடிகாலை ரயிலில் பெங்களூருக்குக் கூலி வேலைக்குப் போய் இரவு திரும்புகிறவர்கள் ஆனார்கள். இலங்கைத் தோட்டத்துக்குப் போனவர்களுக்கு 1948 குடியுரிமைச் சட்டம் குடியுரிமையே இல்லாமல் செய்தது. 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு லட்சக்கணக்கானவர்கள் இங்கே அனுப்பப்பட்டார்கள். உழைத்து உருவாக்கிய இடத்திலும் இடம் இல்லை, விட்டு வந்த இடத்திலும் இடம் இல்லை.

4

ஊரிலேயே இருந்தவர்களுக்குக் கிடைத்த வழி பள்ளிக்கூடம். திருவண்ணாமலையில் டேனிஷ் மிஷன் பள்ளியை எல்லோருக்கும் தெரியும். ஆற்காடு பகுதி முழுக்க டேனிஷ் மிஷனும் அமெரிக்க ஆற்காடு மிஷனும் சேரிக்குள் வந்து பலகையும் பலப்பமும் கொடுத்தன. கோவில் தெருவில் நடக்கக்கூடாது என்று வைத்திருந்த பிள்ளைகளைப் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். மதம் மாற்றத்தான் வந்தார்கள் என்று இன்று குதிப்பவர்கள், அதற்கு முந்தைய ஆயிரம் ஆண்டில் தாங்கள் எத்தனை பலகை கொடுத்தோம் என்று சொல்லட்டும்.

1919-20இல் ஒடுக்கப்பட்டோருக்கென்று தனி அதிகாரியும், பிறகு லேபர் கமிஷனர் பதவியும் உருவாயின. லேபர் ஸ்கூல் என்று கிழவர்கள் சொல்வது அந்தத் துறை நடத்திய பள்ளிகளைத்தான். பிற்பாடு அவை அரிசனப் பள்ளிகள் ஆகி, இன்று ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள். 1922இல் எம்.சி. ராஜா கொண்டுவந்த தீர்மானத்தின் அடிப்படையில் அரசு ஆவணங்களில் பறையர், பஞ்சமர் என்ற சொற்களுக்குப் பதில் ஆதிதிராவிடர் என்று எழுத ஆணை வந்தது. காகிதத்தில் பெயர் மாறியது. கூப்பிடுகிற வாய் மாறவில்லை. ஆனாலும் காகிதத்தில் மாறியதை அற்பம் என்று தள்ளக்கூடாது. பள்ளிப் பதிவேட்டில் வாத்தியார் இகழ்ச்சியாக ஒரு பேரை எழுதுவதற்கும், எழுத முடியாமல் போவதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

விடுதலைக்குப் பிறகு அரசியல் சட்டம், இடஒதுக்கீடு. தமிழகத்தில் 16 விழுக்காடாக இருந்தது 1971இல் 18 ஆனது. 1990இல் பழங்குடியினருக்கு 1 விழுக்காடு தனியாக வந்தது. 2009இல் 18க்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு கிடைத்தது. அப்படிப் பிரிப்பது செல்லும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வாத்தியார், போஸ்ட்மேன், மின்வாரியம், போக்குவரத்துக் கழகம், போலீஸ், நர்ஸ், வங்கி எழுத்தர் என்று சேரிக்கு ஒரு வீடு, இரண்டு வீடு மாடி வீடானது இப்படித்தான். இந்தக் காகிதம் இல்லை என்றால் இதுவும் இல்லை. இட ஒதுக்கீட்டை எதிர்க்கிற எவரோடும் இதில் நமக்குச் சமரசம் கிடையாது.

ஆனால் இந்தக் காகிதத்திலும் கண்டிஷன் இருக்கிறது. 1950 குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியில் சேரமாட்டார் என்றது. பின்னர் 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவர் இன்றுவரை சேர்க்கப்படவில்லை. தமிழகத்தில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் நிறுத்தப்பட்டிருக்கிறார்கள். ஒரே சேரி, ஒரே குழாயடி, ஒரே சுடுகாடு. அண்ணன் பேர் முருகன், தம்பி பேர் மோசஸ். மிஷன் பள்ளியில் பலகை வாங்கியதற்காகத் தம்பியின் பேரன் ஸ்காலர்ஷிப்பை இழக்க வேண்டும். எந்தப் பள்ளிக்கூடம் நம்மை முதலில் ஏற்றிவிட்டதோ, அதன் சுவடே அடுத்த படியில் தடையாக வந்து நிற்கிறது.

இரண்டாவது கண்டிஷன் எழுதப்படாதது. காகிதம் ஆளுக்குத்தான் வருகிறது, சேரிக்கு வருவதில்லை. ஒருவர் வேலைக்குப் போனால் அவர் சம்பளத்தில் ஐந்து பேரின் படிப்பு, இரண்டு தங்கச்சியின் கல்யாணம், அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம் உண்டு. மற்ற சாதியில் அதே சம்பளம் வாங்குகிறவருக்குப் பின்னால் அப்பா நிலம் இருக்கிறது, கிணறு இருக்கிறது, டவுனில் கடை இருக்கிறது. சம்பளம் அவருக்கு மிச்சம். நம் ஆளுக்கு அதுதான் மொத்தமும். ஆபீஸில் இரண்டு பேரும் ஒரே கிரேடு. வர்க்கத்தைச் சம்பளச் சீட்டை வைத்து அளப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். ஆதிக்க சாதிகள் காணியை வைத்துக் காகிதத்தைச் சம்பாதித்தன. நிலத்தை விற்றோ விளைவித்தோ பிள்ளைகளை எஞ்சினியர், டாக்டர் ஆக்கின. நாமோ காகிதத்தை வைத்துக் காணி சம்பாதிக்கச் சொல்லப்படுகிறோம். முப்பது வருஷம் சர்வீஸ் போட்டு, கடன் வாங்கி, கடைசியில் ஒரு மனை. ஒருவர் தொடங்கிய இடத்தில் இன்னொருவர் வந்து முடிகிறார். இரண்டு பேரையும் நடுத்தர வர்க்கம் என்று ஒரே பெட்டியில் போட்டு எண்ணிவிட்டு, பார் சமமாகிவிட்டார்கள் என்றால் எப்படி?

5

அந்த ஒரு மனையும் எங்கே என்பது அடுத்த சங்கதி. வேலை கிடைத்துத் திருவண்ணாமலைக்கு வருகிறவர் வாடகை வீடு தேடினால் முதல் கேள்வி "எந்த ஊரு?", இரண்டாவது "அங்க எந்தத் தெரு?" மூன்றாவது கேள்வி கேட்கமாட்டார்கள். வீடு வேறு ஆளுக்குப் பேசியாச்சு என்பார்கள். கெசட்டட் ஆபீசர் என்றாலும் இதுதான்.

சொந்த ஊரில் இருந்தவர்களுக்கு என்ன நடந்தது? தண்டராம்பட்டு பக்கம் தென்முடியனூர். அறநிலையத் துறைக்கு உட்பட்ட முத்துமாரியம்மன் கோவிலுக்குள் தலித்துகள் காலெடுத்து வைக்க சுமார் 80 ஆண்டு விடவில்லை. 2023 ஜனவரி 30 அன்று ஆட்சியரும் நூற்றுக்கணக்கான போலீசும் கூட வந்துதான் உள்ளே போக முடிந்தது. அந்த 80 ஆண்டில் இந்த நாட்டுக்கு விடுதலை வந்தது, அரசியல் சட்டம் வந்தது, திராவிட இயக்கத்தின் ஆட்சி அரை நூற்றாண்டைத் தாண்டியது. வெளியூரில் சம்பளத்துக்கு இருக்கிறவர்கள், படித்தவர்கள் எந்தச் சேரியில்தான் இல்லை? ஆனால் கோவில் வாசலில் யாரும் மார்க் ஷீட் கேட்கவில்லை. கோவிலுக்குள் போவதால் விடுதலை வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. போகக்கூடாது என்பவன் எதை வைத்துச் சொல்கிறான் என்பதுதான் கேள்வி. சுற்றியுள்ள நிலம் யாருடையது, கூலி கொடுப்பது யார், பால் வாங்குவது யார், கடன் கொடுப்பது யார். அந்த அதிகாரம் எல்லாம் நிலத்தில்தான் வேர்விட்டிருக்கிறது.

பெயரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1989இல் பழைய வட ஆற்காட்டைப் பிரித்தபோது ஒரு பாதி திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம், மறுபாதி வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் ஆயிற்று. 1997இல் தெற்கே ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்ததற்குக் கலவரம் நடந்தது. தேவேந்திரர் ஒருவர் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று சொன்னார்கள். அரசு என்ன செய்தது? எல்லா மாவட்டங்களிலிருந்தும் எல்லாக் கழகங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்கள் பெயரையும் எடுத்துவிட்டது. சம்புவராயரும் போனார், அம்பேத்கரும் போனார். பார்வைக்குச் சமநீதி. ஆனால் பிரச்சினை எந்தப் பெயரால் வந்தது, யாருக்காக எடுத்தார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். காகிதத்தால் ஏற்றிய பெயரைக் காகிதத்தாலேயே இறக்கிவிடலாம்.

6

இன்று வேங்கிக்காலில் நிலத்தின் விலை சதுர அடிக் கணக்கு. ஆட்சியர் அலுவலகம் வந்ததும், பௌர்ணமி கிரிவலக் கூட்டம் லட்சக்கணக்கில் பெருகியதும், 2024இல் திருவண்ணாமலை மாநகராட்சி ஆனதும் சேர்ந்து, சுற்றுவட்டாரக் கொல்லையெல்லாம் மஞ்சள் கல் நட்ட மனைகளாகிவிட்டன. காணி, குழி என்று அளந்த காலம் போயிற்று. ஒரு காணி மேட்டு நிலம், அதாவது ஒண்ணேகால் ஏக்கரும் சொச்சமும், இன்று நகரத்தை ஒட்டி இருந்தால் ஒரு குடும்பத்தைத் தலைமுறைக்கும் நிமிர்த்திவிடும். பயிர் வைத்தவர்கள்தான் பணக்காரர் ஆவார்கள் என்பதில்லை, பட்டா வைத்திருந்தவர்கள் சும்மா இருந்தே ஆனார்கள்.

ஆகவே பஞ்சமி நிலம் என்பது பழைய கதை, விவசாயமே போய்விட்டது, இனி நிலம் எதற்கு என்று நம்மில் சிலரே பேசுவது தவறு. டி.சி. நிலம் உழவுக்காக மட்டும் கேட்கிற நிலம் அல்ல. கடனுக்கு ஈடு காட்ட, கடை வைக்க, பிள்ளையைப் படிக்கவைக்க, வேலை போனால் ஒரு வருஷம் தாக்குப்பிடிக்க, கூலி குறைத்தால் வரமாட்டேன் என்று சொல்லக் காலடியில் ஒரு மண் வேண்டும். அரசு வேலைகள் குறைந்து, ஒப்பந்தம், அவுட்சோர்சிங் என்று ஆகிவிட்ட காலத்தில் இது இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது. துப்புரவுப் பணியாவது நிரந்தரமாக இருந்தது. இப்போது அதுவும் கான்ட்ராக்ட், செய்கிற சாதி மட்டும் நிரந்தரம். இந்த வட்டாரத்துச் செங்கல் சூளைகளிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும் இருளர் குடும்பங்களைக் கொத்தடிமைகளாக மீட்ட செய்திகள், 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்து எத்தனையோ ஆண்டுகள் கழித்தும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. அவர்களும் முன்பணம் என்ற பெயரில் கடனாளிகள்தான். 1843க்குப் பிறகு படியாளுக்கு வந்த அதே பெயர்.

செய்ய வேண்டியது என்ன? கணக்குப் பெட்டி இன்று கர்ணம் வீட்டில் இல்லை. 2005 தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கிராமத்தின் ஏ ரிஜிஸ்டரைக் கேட்டு வாங்கலாம். யு.டி.ஆருக்கு முந்தைய ஏ ரிஜிஸ்டரையும் பிந்தையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தச் சர்வே எண்ணில் குறிப்பு மாறியிருக்கிறது, எங்கே பேர் மாறியிருக்கிறது என்று பார்க்க ஒரு பட்டதாரிக்குச் சில நாள் போதும். சேரிக்குச் சேரி இன்று பட்டதாரிகள் இருக்கிறார்கள். வேலை கிடைக்காதவர்களும் இருக்கிறார்கள். அப்பன் பாட்டனுக்குத் தெரியாத எழுத்து இவர்களுக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரிந்த எல்லைக்கல்லைக் கிழவர்கள் சாவதற்குள் இவர்கள் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். எந்த மரத்திலிருந்து எந்த மேடு வரை, யார் உழுதது, யாரிடம் போக்கியம் விட்டது என்று பேர் பேராகச் சொல்ல இன்னும் ஆயாக்களும் தாத்தாக்களும் இருக்கிறார்கள்.

தனித்தனி மனு திங்கட்கிழமைக் கூட்டத்தில் முத்திரை வாங்கித் தாலுகா ஆபீசுக்குப் போய், அங்கிருந்து கிராமத்துக்குப் போய், மனுதாரர் கூறுவது சரியல்ல என்று திரும்பிவரும். ஒரு வட்டத்தின் எல்லாச் சேரிகளும் சர்வே எண்ணோடு பட்டியல் போட்டு ஒரே நாளில் கொண்டுவந்து வைத்தால் அதை அப்படித் திருப்ப முடியாது. வேலைக்குப் போய் வேங்கிக்கால் பக்கம் மனை வாங்கிக் குடியேறிவிட்ட நம் வாத்தியார்களும் குமாஸ்தாக்களும் நர்சுகளும் இந்த வேலைக்குத் தோள் கொடுக்க வேண்டும். அவர்களை ஏற்றிவிட்ட காகிதம் அவர்கள் ஒருவருக்காக எழுதப்பட்டதல்ல. செப்டம்பர் 30 வருஷா வருஷம் வருகிறது. மாவட்டம் பிறந்த நாளாக அதைக் கொண்டாடுகிறவர்கள் கொண்டாடட்டும். நாம் அன்றைக்கு அந்தப் பட்டியலோடு போய் நிற்போம்.